மாகோனுக்கு எந்த ஆற்றலைக் கொடுப்பது?

சிவிலைசேஷன் 6 என்ற கணினி விளையாட்டில், இலங்கைமீது படையெடுத்து ஆண்ட கலிங்க மாகனை (மாகோன் என்பதும் அவனே) ஒரு நாகரிகத்தின் தலைவனாக்கும் மோட் (ரசிகர்கள் விளையாட்டில் சேர்க்கும் மாற்றம்) ஒன்றைக் கல்முனை நண்பர்களுடன் சேர்ந்து உருவாக்கி வருகிறோம். அவனைத் தாக்குதல் வலிமை கூடிய கொடுங்கோலனாக அமைத்தால் போதும் என்பது குழுவில் பலரின் எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அவன் 1215இல் இருபத்து நாலாயிரம் வீரருடன் வந்து பொலன்னறுவையைப் பிடித்து விகாரைகளைச் சூறையாடினான் என்றும், 21 ஆண்டுகள் ஆண்டான் என்றும் இலங்கைப் பௌத்த பிக்குகள் எழுதிய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. மட்டக்களப்பின் வரலாற்றைச் சொல்லும் நமது தமிழ் நூலான மட்டக்களப்பு மான்மியத்தில் வரும் மாகோனோ கோயில்களுக்கு மானியம் விட்டு, வன்னிமைகளை (உள்ளூர்த் தலைவர்களின் ஆட்சிப் பகுதிகளை) வகுத்துக் கொடுத்த அரசன். முன்னது அவனால் இழந்த தரப்பின் எழுத்து, பின்னது ஏட்டுப் பிரதிகளிலிருந்து பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட நூல் என்பதால், இரண்டில் ஒன்றை மட்டும் நம்பி ஆற்றலை வடிவமைக்க முடியாது.

ஆனால் அவனைப் பழிக்கும் அதே சூளவம்சம், பொலன்னறுவை, கொட்டியாரம், மாதோட்டம், மன்னார் போன்ற இடங்களில் அவன் அரண்களை அமைத்துப் படைகளை நிறுத்தினான் என்றும் பட்டியலிடுகிறது. புகழும் நோக்கமே இல்லாத எதிர்த்தரப்பு தரும் சான்று என்பதால் அதையே தலைவனின் ஆற்றலாக வைத்தேன்: பாசறை உள்ள நகரைச் சுற்றியுள்ள நகரங்களின் விசுவாசம் (ஒரு நகரம் தன் அரசோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்ற அளவு) உயரும், பிற சமயத் தலத்தைச் சூறையாடினால் பொன் குவியும், ஆனால் அந்தச் சமயத்தைப் பின்பற்றும் தன் நகரங்களிலேயே விசுவாசம் சரியும். இருபத்து நாலாயிரத்தை அப்படியே இலவசப் படைப்பிரிவுகளாக்கச் சொன்ன நண்பருக்கு, பழைய நூல்களின் படைக்கணக்கை யாரும் தலையெண்ணிப் பார்த்ததில்லை என்று மட்டும் பதில் எழுதினேன்.

குடிமுறையை (மட்டக்களப்புப் பகுதியின் தாய்வழிக் குலப் பிரிவு முறையை) அவனது தனி ஆற்றலாக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். மான்மியம் அதை அவனோடு இணைத்தாலும், தாய்வழியில் வரும் குடியும் அந்தக் குடிக்குரிய கோயில் உரிமையும் கிழக்கிலங்கை ஊர்களான கொக்கட்டிச்சோலையிலும் திருக்கோவிலிலும் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு எந்த ஓர் அரசனும் காரணமல்ல. இந்த விளையாட்டில் தலைவனுக்கு ஓர் ஆற்றலும் நாகரிகத்துக்கு வேறோர் ஆற்றலும் உண்டு. குடிமுறையின் இடம் பின்னதுதான். நகரம் கைமாறி மீண்டாலும் கோயில் தரும் பயன் குறையாது என்று அதை எழுதியிருக்கிறோம்.

விசுவாசம் இப்படிச் சரிந்தால் மாகோனை யார் தேர்ந்தெடுப்பார்கள் என்று சோதித்துப் பார்த்த தம்பி ஒருவர் கேட்கிறார். சரிவின் அளவை வேண்டுமானால் சற்றுக் குறைக்கலாம். அந்த விதியையே நீக்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.