கிளீவ்லண்டில் எப்போதும் கோச்சைத்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்

2026 பிப்ரவரி 8ஆம் தேதி, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலைப் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில் உட்கார்ந்து பார்த்தோம். சியாட்டில் சீஹாக்ஸ் 29, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 13. ஜெயித்த டீமின் குவார்ட்டர்பேக் சாம் டார்னல்ட். ஆட்டம் முடிந்ததும் பெரியவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "2018இல் இந்தப் பையன் நம்ம ஊருக்கு வந்து தோற்றுப் போனானே, ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

எப்படி மறக்கும்? அந்த ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். அன்று ராத்திரி அந்த மைதானத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் பிறகு எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்த்தாலே எங்கள் ஊர் டீமான கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் என்ன தப்பு செய்தது என்பது விளங்கிவிடும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

அமெரிக்கக் கால்பந்து பார்க்காத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக் கைக்கு. எதிராளி பாய்ந்து வந்து தன்னைச் சாய்ப்பதற்கு முன், இரண்டு மூன்று நொடிக்குள், யாருக்கு எறிவது என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த இரண்டு நொடிக்குத்தான் இத்தனை கோடி சம்பளம். ஆனால் அந்த இரண்டு நொடி அவருக்குக் கிடைக்குமா என்பது முன்னால் நின்று தடுக்கும் ஐந்து பேர் கையிலும், எந்த உத்தியை ஆடுவது என்று சொல்லும் கோச் கையிலும் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியை ஓனர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பெரியவரின் கராஜ் சுவரில் ஒரு பழைய மர இருக்கைப் பலகை மாட்டியிருக்கும். 1995 டிசம்பர் 17ஆம் தேதி, ஓனர் ஆர்ட் மோடெல் டீமையே பால்டிமோருக்குத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று தெரிந்த பிறகு நடந்த கடைசி உள்ளூர் ஆட்டம் அது. ஜனங்கள் இருக்கைகளைப் பெயர்த்து மைதானத்தில் வீசினார்கள். இவர் தன் இருக்கையை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். பெயின்ட் உரிந்திருக்கிறது, இருக்கை எண் மட்டும் இன்னும் தெரிகிறது. 1999இல் அதே பெயரில் புது டீம் வந்தது. அன்றிலிருந்து 40க்கும் மேற்பட்டவர்கள் இந்த டீமுக்குக் குவார்ட்டர்பேக்காக ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். ஆளை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இந்த ஊரில் எத்தனை வருடமாக ஓடுகிறது பாருங்கள்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். 2018 செப்டம்பர் 20, வியாழக்கிழமை. அதற்கு முந்தைய சீசனில் பிரவுன்ஸ் 16 ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. கடைசி வெற்றி 2016 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். அந்த வருட டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை டீம்கள் முறை வைத்து எடுக்கும் தேர்வில், முதல் ஆளாக பேக்கர் மேஃபீல்டை எடுத்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். மூன்றாவதாகப் போன டார்னல்ட்தான் அன்று எதிர் டீமான நியூயார்க் ஜெட்ஸின் குவார்ட்டர்பேக். 14-0 என்று பின்தங்கியிருந்தபோது எங்கள் குவார்ட்டர்பேக்குக்கு அடிபட, மேஃபீல்ட் உள்ளே வந்தார். அவர் எறிந்த முதல் சில பந்துகளிலேயே கூட்டத்தின் குரல் மாறிவிட்டது. என் பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், யாரென்றே தெரியாத என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். 21-17. கடைசி நிமிடங்களில் டார்னல்ட் எறிந்த இரண்டு பந்துகள் எங்கள் ஆட்கள் கைக்கு வந்தன. எதிர்ப் பக்கத்தில் தலையைக் குனிந்து நடந்த ஜெட்ஸ் கோச் பெயர் டாட் போல்ஸ். இந்த மூன்று பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேஃபீல்டுக்கு முதல் மூன்று சீசனில் நான்கு கோச். ஹூ ஜாக்சனைப் பாதி சீசனில் அனுப்பினார்கள், மிச்சத்தை கிரெக் வில்லியம்ஸ் தற்காலிகமாகப் பார்த்தார், 2019இல் ஃப்ரெடி கிச்சன்ஸ், 2020இல் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி. ஒவ்வொரு கோச்சுக்கும் ஒரு தனி மொழி. அதே உத்திக்கு வேறு பெயர், அதே நகர்வுக்கு வேறு கால் கணக்கு. இருபத்து மூன்று வயதுப் பையன் வருடா வருடம் புதிதாகப் பாடம் படிக்க வேண்டியிருந்தது. ஸ்டெஃபான்ஸ்கி வந்ததும் அந்தக் குழப்பம் நின்றது. அந்த சீசனில் 11 வெற்றி. பிளே ஆஃபில் பிட்ஸ்பர்கை அவர்கள் மைதானத்திலேயே 48-37 என்று வீழ்த்தினோம். கோவிட் வந்ததால் ஸ்டெஃபான்ஸ்கி அந்த ஆட்டத்தைத் தன் வீட்டு பேஸ்மென்டில் உட்கார்ந்துதான் பார்த்தார். கோச் இல்லாமலேயே முதல் கால் பகுதியில் 28-0 என்று போனார்கள் என்றால், அவர் கற்றுக்கொடுத்தது எந்த அளவுக்கு ஊறியிருந்தது என்று யோசியுங்கள். என் கணக்கில் அந்த டீமுக்கு இன்னும் இரண்டு வருடம்தான் வேண்டியிருந்தது.

2021இன் இரண்டாவது ஆட்டத்தில் மேஃபீல்டுக்கு இடது தோளில் குருத்தெலும்பு கிழிந்தது. பட்டையைக் கட்டிக்கொண்டு சீசனின் பெரும்பகுதி ஆடினார். மோசமாகத்தான் ஆடினார், மறைக்க ஒன்றுமில்லை. 8 வெற்றி, 9 தோல்வி. உட்கார வைத்து அறுவை சிகிச்சைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று அப்போதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அடிபட்ட தோளோடு ஒருவரை ஆடவிட்டு, அந்த ஆட்டத்தை வைத்தே அவருக்கு மதிப்பு போடுவது நியாயமே இல்லை.

அடுத்து 2022 மார்ச். ஹூஸ்டன் டெக்சன்ஸ் குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனுக்கு நாலைந்து டீம்கள் வரிசையில் நின்றன. வாட்சன் முதலில் பிரவுன்ஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குள் இங்கே மேஃபீல்டுடன் உறவு முறிந்துபோயிருந்தது. அவர் ஊருக்கு நன்றி சொல்லிக் கடிதம் போட்டு, என்னை விட்டுவிடுங்கள் என்றும் கேட்டுவிட்டார். அப்போதுதான் ஓனர் ஜிம்மி ஹாஸ்லம் தரப்பு எவரும் கொடுக்காததைக் கொடுத்தது: ஐந்து வருடம், 23 கோடி டாலர், முழுக்க கேரண்டி. கூடவே ஹூஸ்டனுக்கு மூன்று முதல் சுற்றுத் தேர்வுகள் உட்பட ஆறு டிராஃப்ட் தேர்வுகள்.

முழு கேரண்டி என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பேஸ்பாலிலும் பாஸ்கெட்பாலிலும் ஒப்பந்தம் போட்டால் பணம் பெரும்பாலும் உறுதி. அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லில் அப்படி இல்லை. பேப்பரில் ஒரு பெரிய தொகை இருக்கும், அதில் ஒரு பகுதிக்குத்தான் கேரண்டி. ஆள் சரியில்லை என்றால் இரண்டு மூன்று வருடத்தில் விட்டுவிடலாம். அதற்கு முன் அதிகபட்ச கேரண்டி பஃபலோவின் ஜாஷ் ஆலனுக்குக் கொடுத்த 15 கோடி டாலர்தான். ஆட்டக்காரர்களுக்குக் கேரண்டி கிடைப்பதை நான் எதிர்க்கவில்லை. உடம்பை உடைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள், கிடைக்கட்டும். ஆனால் இவ்வளவு பெரிய முழு கேரண்டியை யாருக்கு, எந்த நேரத்தில் கொடுத்தீர்கள்?

இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் வாட்சன் மேல் சிவில் வழக்கு போட்டிருந்த நேரம் அது. மசாஜுக்கு அழைத்துப் பாலியல் அத்துமீறல் செய்தார் என்பது புகார். டெக்சாஸில் கிராண்ட் ஜூரி குற்றம் சாட்ட மறுத்தது உண்மை. அவர் கடைசிவரை மறுத்தார், பெரும்பாலான வழக்குகள் சமரசத்தில் முடிந்தன, அதுவும் உண்மை. ஆனால் என்.எஃப்.எல். 11 ஆட்டத் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் போட்டது. என்னால் மன்னிக்க முடியாதது அந்த ஒப்பந்தத்தின் அமைப்புதான். முதல் வருட அடிப்படைச் சம்பளத்தை 10 லட்சத்துச் சொச்சம் டாலராகக் குறைத்து எழுதினார்கள். தடை வந்தால் சம்பளப் பிடித்தம் அந்தச் சின்னத் தொகையிலிருந்துதான். அடுத்த நான்கு வருடத்துக்கு ஆண்டுக்கு 4.6 கோடி. அந்தப் பக்கத்தில் அத்தனை பெண்கள் நின்றுகொண்டிருக்கும்போது, இந்தப் பக்கத்தில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். அன்று என் மகள், "இனிமேல் நாம் யாருக்கு விசில் அடிப்பது?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பதில் சொல்ல முடியவில்லை.

மேஃபீல்டை அந்த ஜூலையில் கரோலைனாவுக்குத் தள்ளிவிட்டார்கள். அவர் சம்பளத்தில் 1 கோடியே 5 லட்சம் டாலரைத் தாங்களே கட்டி, பதிலுக்கு ஒரு பின்சுற்றுத் தேர்வு வாங்கிக்கொண்டார்கள்.

வாட்சன் முதல் மூன்று சீசனில் ஆடியது மொத்தம் 19 ஆட்டம். நாலாவதில் ஒன்றுமே இல்லை. ஒரு நாள் மட்டும் அவர் நிஜமாகவே பெரிய ஆட்டக்காரராகத் தெரிந்தார். 2023 நவம்பரில் பால்டிமோரில், இரண்டாம் பாதியில் எறிந்த 14 பந்தும் சேர வேண்டிய கைக்குச் சேர்ந்தன, 33-31 என்று ஜெயித்தோம். தோள் எலும்பு முறிந்த நிலையில்தான் அப்படி ஆடினார் என்று பிறகு தெரிந்தது. அதோடு அந்த சீசன் முடிந்தது அவருக்கு. வீட்டில் சும்மா இருந்த 38 வயது ஜோ ஃப்ளாக்கோவைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து ஐந்தில் நான்கு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்து, பிளே ஆஃபுக்கும் கொண்டுபோனார். அங்கே எதிரே நின்றது யார்? ஹூஸ்டன். நாங்கள் கொடுத்த தேர்வு ஒன்றையும் சேர்த்து விற்று மேலே ஏறிப்போய் அவர்கள் எடுத்த வில் ஆண்டர்சன் எதிர் வரிசையில் நின்றார். 45-14.

அதன்பிறகு நடந்ததைத்தான் நான் பெரிய தவறு என்பேன். 11 வெற்றி வாங்கிய டீமின் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது தாக்குதல் ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் துணை கோச், அலெக்ஸ் வான் பெல்ட்டை அனுப்பினார்கள். ஃப்ளாக்கோவையும் விட்டுவிட்டார்கள். புதிதாக கென் டோர்சியை அழைத்து வந்தார்கள். வேலை செய்த திட்டத்தைக் கலைத்தது வாட்சனுக்குத் தோதான ஒன்றைக் கட்டத்தான் என்பது ஊருக்கே தெரியும். சம்பளம் முழுக்க கேரண்டி என்றால் அவரை உட்கார வைக்க முடியாது, அவரை வைத்தே வீடு கட்ட வேண்டும். கோச் கையைக் கட்டிப்போடுவது என்றால் இதுதான். 2024இல் வாட்சன் ஆடிய ஏழு ஆட்டத்தில் 33 முறை சாய்க்கப்பட்டார். ஜெயித்தது ஒன்றே ஒன்று. அக்டோபர் 20ஆம் தேதி யாரும் தொடாமலேயே குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். அவர் தரையில் கிடந்தபோது கூட்டத்தில் ஒரு பகுதி ஆரவாரம் செய்தது. எங்கள் தடுப்பாட்டக்காரர் மைல்ஸ் காரெட் அதைக் கண்டித்தார். அவர் சொன்னதுதான் சரி. ஒரு மனிதன் வலியில் கிடக்கும்போது கைதட்டும் இடத்துக்கு இந்த ஊரைக் கொண்டுவந்து நிறுத்தியது அந்த ஒப்பந்தம்தான்.

ஒவ்வொரு வருடமும் அவர் சம்பளத்தை போனஸாக மாற்றி எழுதி, சாலரி கேப் (ஒரு டீம் ஆட்டக்காரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு) பாரத்தைப் பின்வருடங்களுக்குத் தள்ளினார்கள். கடனை அடைக்க மேலும் கடன். இந்த நெருக்கடிக்கு நடுவே காரெட் 2025இல் 23 சாக் எடுத்து, அதாவது எதிர் குவார்ட்டர்பேக்கை 23 முறை பந்தோடு சாய்த்து, ஒரு சீசனுக்கான சாதனையையே உடைத்தார். அப்படிப்பட்ட ஒருவரின் நல்ல வயது எங்கே போய்க்கொண்டிருக்கிறது பாருங்கள்.

வாட்சன் விஷயத்தில் தவறிவிட்டோம் என்று ஹாஸ்லம் 2025 மார்ச்சில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதை மதிக்கிறேன். ஆனால் அந்த முடிவை எடுத்த ஓனர் இருக்கிறார், ஜெனரல் மேனேஜர் ஆண்ட்ரூ பெர்ரியும் இருக்கிறார். ஜனவரி 5ஆம் தேதி வேலை போனது ஸ்டெஃபான்ஸ்கிக்கு. இரண்டு முறை சிறந்த கோச் விருது வாங்கியவருக்கு.

இப்போது அந்த மூன்று பெயர்கள். மேஃபீல்டை கரோலைனாவும் விட்டுவிட்டது. 2022 டிசம்பர் 6ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் எடுத்துக்கொண்டது. இரண்டே நாள் கழித்து, டீமில் பாதிப் பேர் பெயர்கூடத் தெரியாத நிலையில், ஒன்றே முக்கால் நிமிடம் மிச்சம், டைம் அவுட் இல்லை, 98 கெஜம் போக வேண்டும். போனார். 17-16. ராம்ஸ் கோச் ஷான் மெக்வே காதுக்குள் நிதானமாகச் சொல்லச் சொல்ல அந்தப் பையன் எறிந்ததை நான் சமையலறையில் நின்றபடியே பார்த்தேன், உட்காரத் தோன்றவில்லை. அடுத்த வருடம் வெறும் 40 லட்சம் டாலருக்கு டாம்பா பே அவரைக் கூட்டிப்போனது. அங்கே கோச் யார் தெரியுமா? அன்று ராத்திரி அவரிடம் தோற்ற அதே டாட் போல்ஸ். 2024இல் மூன்று வருடத்துக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அந்த சீசனில் அவர் எறிந்ததில் 41 டச் டவுன், அதாவது எதிராளியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது.

டார்னல்டின் கதையும் இதேதான். ஜெட்ஸில் கோச் மாறினார், முன்வரிசை ஓட்டை, மூன்று வருடத்தில் கைவிட்டார்கள். கரோலைனாவிலும் அதே நிலை. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வருடம் மாற்று ஆளாக உட்கார்ந்து கவனித்தார். 2024இல் மினசோட்டாவில் கோச் கெவின் ஓகானல் கையில் 14 வெற்றி. அந்த டீமும் அவரைப் போகவிட்டது, சியாட்டில் மூன்று வருடத்துக்கு 10 கோடியே 5 லட்சம் டாலருக்கு எடுத்தது. அதில் முழு கேரண்டி என்ற பேச்சே இல்லை. மிச்சப் பணத்தில் அவரைச் சுற்றி ஒரு டீம் இருந்தது. அதே கை, அதே தோள். சுற்றி இருந்தவர்கள்தான் வேறு.

பிரவுன்ஸுக்குப் புது கோச் வந்துவிட்டார். வாட்சனின் ஒப்பந்தம் 2026 சீசன் வரை இருக்கிறது. போன வருடம் டிராஃப்டில் எடுத்த டில்லன் கேப்ரியல், ஷெடூர் சாண்டர்ஸ் என்ற இரண்டு பையன்கள் இரண்டாவது வருடத்திலேயே புதுப் பாடப் புத்தகத்தைத் திறக்கப்போகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கோச்சுக்கு நான்கு முழு வருடம் கொடுங்கள், இரண்டாவது வருடம் 4 வெற்றிதான் வந்தாலும் கொடுங்கள். யாரைக் குவார்ட்டர்பேக்காக வைத்தாலும் முதலில் அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேருக்குச் செலவழியுங்கள்.

கராஜை விட்டுக் கிளம்பும்போது பெரியவர் அந்தப் பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் பயிற்சி முகாமுக்கு என் மகளையும் கூட்டிவரச் சொன்னார். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.