ரன் என்றால் ஓடு மட்டும்தானா?

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன், எட்டாவது படிக்கிறான், ஆங்கில நோட்டை எடுத்துக்கொண்டு வந்தான். "ஷி ரன்ஸ் எ ஸ்மால் ஷாப்" என்ற வாக்கியத்துக்கு "அவள் ஒரு சின்னக் கடைக்கு ஓடுகிறாள்" என்று எழுதியிருக்கிறான். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான், ஏன் தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம் வந்தது, பையன் மேல் இல்லை. 'ரன் என்றால் ஓடு' என்று சின்ன வகுப்பிலிருந்தே மனப்பாடம் செய்ய வைத்தது நாம்தானே?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட சொல் 'செட்'. வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள். 2011 வாக்கில் திருத்தம் செய்தபோது 'ரன்' அதைத் தாண்டி 645 பொருளோடு முன்னால் வந்துவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் இந்த ஒரே சொல்லோடு ஒன்பது மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார். மூன்றே எழுத்துச் சொல்! அதைப் பிள்ளைகளுக்கு ஒரே பொருளில் கொடுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம்.

இத்தனைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இது புரியாத விஷயமே இல்லை. படம் நூறு நாள் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, மனசு சரியில்லை என்றால் வேலையே ஓடவில்லை என்கிறோம். இந்த இடத்திலெல்லாம் யாரும் காலைத் தேடுவதில்லை. முட்டைக்கும் ஆமைக்கும் கூரைக்கும் இருக்கிற ஓடு தனிக்கதை.

ஆனால் எல்லா இடத்திலும் இரண்டு மொழியும் சேர்ந்து ஓடாது, சொல்லித்தர வேண்டியது அங்கேதான். ஆங்கிலம் பேசுகிறவர்கள் கடையை 'ரன்' பண்ணுகிறார்கள், நாம் நடத்துகிறோம், அதாவது நடக்க வைக்கிறோம். அவர்களுக்கு மூக்கு 'ரன்' ஆகிறது, நமக்கு ஒழுகுகிறது. துணியில் சாயம் போகிறது, பால் தீர்ந்துபோகிறது, காய்ச்சல் அடிக்கிறது, அவர்களுக்கு இந்த மூன்றுக்கும் 'ரன்' போதும். எனக்கு மிகவும் பிடித்தது தேர்தல்தான். அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' பண்ணுகிறார், இங்கிலாந்தில் 'ஸ்டாண்ட்' பண்ணுகிறார், நம் ஊரிலும் அவர் நிற்கத்தான் செய்கிறார். ஒரே ஆங்கிலத்துக்குள்ளேயே ஓடுவதும் நிற்பதும் ஒன்றாகிவிடுகிறபோது எந்த மனப்பாடம் கைகொடுக்கும்?

தினம் பத்து சொல், பக்கத்தில் ஒரு பொருள் என்று பட்டியல் கொடுப்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் தயவுசெய்து நிறுத்துங்கள். சொல்லை அது இருக்கும் வாக்கியத்தோடு கொடுங்கள். சிவப்பு மை போடுகிறவர்கள் கூடவே ஒரு வரி எழுதுங்கள், அரை நிமிஷம்கூட ஆகாது.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு பழைய டைரி கொடுத்திருக்கிறேன். 'ரன்' எங்கே கண்ணில் பட்டாலும், காதில் விழுந்தாலும், முழு வாக்கியமாக எழுதிக்கொண்டு வர வேண்டும், தமிழில் எப்படிச் சொல்வோம் என்று இரண்டு பேரும் யோசிப்போம். நேற்று வரை பதினொன்று சேர்ந்திருக்கிறது. கடைசியாக எழுதியது "வி ஆர் ரன்னிங் லேட்". பள்ளி வேன் டிரைவர் யாரிடமோ போனில் சொன்னாராம்.