முகூர்த்த வணிகம் சான்றாகாது

விடுமுறையையொட்டிப் பங்குச் சந்தை உயரும் என்று எழுதிய கட்டுரையாளர், அதற்குத் தீபாவளி முகூர்த்த வணிகத்தைச் சான்றாகக் காட்டியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தீபாவளியையொட்டி நல்ல நேரம் பார்த்துப் பங்குச் சந்தையில் ஒரு மணி நேரமே நடக்கும் அந்தச் சிறப்பு வணிகத்தில், நல்ல நாளில் புதுக்கணக்குத் தொடங்க வேண்டும் என்று பலரும் ஒன்றிரண்டு பங்குகளை வாங்குவார்களே தவிர, அன்றைக்கு விற்க மனம் வருவதில்லை. என் தந்தையார் விளக்கேற்றிவிட்டு ஐந்தே பங்குகளை வாங்கி, ஓரங்களில் மஞ்சள் தடவிய நோட்டில் விலையைக் குறித்து வைப்பார்; அவருக்கு அது வழிபாடு, முதலீட்டுக் கணிப்பு அன்று.

2024ஆம் ஆண்டையே பாருங்கள். நாம் தீபாவளி கொண்டாடிய அக்டோபர் 31 அன்று சந்தை திறந்திருந்தது; மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 550 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. மறுநாள் மாலை முகூர்த்த வணிகத்தில் 335 புள்ளிகள் ஏறி, திங்கட்கிழமையே 900 புள்ளிகளுக்கு மேல் வீழ்ந்தது.

அமெரிக்கச் சந்தையில் 1963 முதல் 1982 வரை கிடைத்த மொத்த ஆதாயத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஆண்டுக்கு எட்டே நாள்கள் வரும் விடுமுறை முன்தினங்களில் கிடைத்தது என்று ராபர்ட் ஏரியல் 1990இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கட்டுரையாளர் எடுத்துக்கொள்ள வேண்டிய சான்று அதுவே. ஆனாலும் அது பல ஆண்டுகளின் சராசரி. அதை நம்பி ஒரே ஒரு பண்டிகைக்காகக் கடன் வாங்கிப் பங்கு வாங்குவதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.