புல் மட்டும் சுருங்க மறுக்கிறது

திடல் புல்லில் மூக்குக் குத்தி என் மாதிரி விமானத்தின் மூன்றாவது புரொப்பெல்லரும் போய்விட்டது. இந்த மாதத்தில் மட்டும் மூன்று. ஒவ்வொன்றும் ஐம்பது வெள்ளி, அதாவது ரிங்கிட். இனி யாராவது என்னிடம் வந்து "மோட்டாரைப் பெரிதாகப் போடு, தம்பி" என்று சொன்னால், உடைந்த மூன்றையும் அவர் கையில் திணித்துவிட்டு ரசீதையும் நீட்டப்போகிறேன்.

மலேசியாவின் பேராக்கில் எங்கள் தோட்டப் பட்டணத்தில் மாதிரி விமானம் விடுவதற்கு இருப்பது ஒரே இடம், பழைய பால்மரத் தோட்டத்துப் பந்துத் திடல். ஒரு பக்கம் மாரியம்மன் கோவில், மறுபக்கம் செம்பனை. செம்மண் சாலையில் ஓட்டலாமே என்பார்கள். குலை ஏற்றிய லாரி எந்த நிமிடம் வளைவில் திரும்பும் என்று எனக்குத் தெரியாது, லாரிக்காரருக்கும் தெரியாது. ஆகவே திடல்தான். அந்தத் திடலில் புல் வெட்டக் குத்தகை எடுத்தவர் கடைசியாக எப்போது வந்தார் என்று கேட்டால், பசியாறும் கடையில் ஆளுக்கொரு மாதம் சொல்கிறார்கள்.

என்னுடையது ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானத்தின் மாதிரி. இறக்கை நுனிக்கு நுனி 180 சென்டிமீட்டர். எட்டு மாதம் பால்சா மரத்தை இழைத்து இழைத்துக் கட்டினேன். நாலரைக் கிலோவில் முடிய வேண்டியது 5.8 கிலோவில் வந்து நின்றது. மூக்கு குட்டையான விமானம். முன்னால் ஈயத்தைத் திணிக்காவிட்டால் எடைமையம் சரிக்கு வராது. அதன்மேல் உள்ளே மடங்கும் சக்கரக்கால், வண்ணப்பூச்சு, பெரிய பேட்டரி. எடை ஏறியது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பறக்காததற்கு எடை மட்டுமா காரணம்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமான ஓட்டிகளுக்கு ஒரு தோராயக் கணக்கு சொல்லிவைத்திருக்கிறது: எடை 10 விழுக்காடு கூடினால் கிளம்பி ஐம்பது அடி உயரம் எட்டுவதற்கான தூரம் 20 விழுக்காடு நீளும். வெப்பம் 10 பாகை கூடினால் 10 விழுக்காடு. ஈரப்புல் என்றால் 30 விழுக்காடு. கூட்டக்கூடாது, ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். என் கூடுதல் எடை, நம்மூர் முப்பத்திரண்டு பாகை வெயில், முந்தைய நாள் மழையில் ஊறிய புல், மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆகிறது. அதுவும் ஆள் ஏறிப் போகும் விமானத்துக்கு. அதன் சக்கரம் புல்லின்மேல் உருளும். என் சக்கரம் புல்லுக்குள் முங்குகிறது.

இதைத்தான் ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை. "உண்மையான ஸ்பிட்ஃபயரே புல்தரையில்தானே கிளம்பியது" என்று ஒரு நண்பர் நியாயம் பேசினார். கிளம்பியது, யார் இல்லை என்றார்கள்? 1938இல் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு விமானத் தளத்துக்கு முதல் ஸ்பிட்ஃபயர்கள் வந்து சேர்ந்தபோது அந்தத் தளம் புல்வெளிதான். ஆனால் என் விமானம் அதில் ஆறில் ஒரு பங்கு. இறக்கையைச் சுருக்கினேன், சக்கரத்தைச் சுருக்கினேன், உள்ளே உட்கார்ந்திருக்கும் பொம்மை விமானியைக்கூடச் சுருக்கினேன். புல்லை எப்படி ஐயா சுருக்குவது? எட்டு சென்டிமீட்டர் புல் என் விமானத்துக்கு, பெரிய விமானத்துக்கு அரை மீட்டர் புல் எப்படியோ அப்படி. முழங்காலளவுக் காட்டுக்குள் விட்டிருந்தால் டக்ஸ்ஃபோர்டிலும் மூக்கைத்தான் உடைத்திருப்பார்கள்.

அதில் இந்த மோட்டார் யோசனை வேறு. புரொப்பெல்லர் இழுப்பது மேலே, புல் பிடித்து நிறுத்துவது கீழே சக்கரத்தில். மேலே இழுவை, கீழே பிடி என்றால் வால் தூக்கிக்கொண்டு மூக்கு குத்தும். பெரிய மோட்டார் போட்டால் இன்னும் வேகமாகக் குத்தும், அவ்வளவுதான். அதற்காக வால் எழாமல் அமுக்கும்படி எலிவேட்டரை (வாலில் ஏறி இறங்கும் பலகையை) மேலே பிடித்துக்கொண்டு மெதுவாக விசையைக் கூட்டிப் பார்த்தேன். திடலில் பாதி தூரம் ஓடியும் வேகம் ஏறவில்லை. கோல் கம்பம் நெருங்கிவிட்டதே என்ற பதற்றத்தில் ரிமோட்டின் குச்சியை இழுத்தேன். வேகம் வராமல் எழுந்தது இடது இறக்கையைச் சாய்த்துக்கொண்டு தரையில் விழுந்தது. இழுத்தது என் புத்தி கெட்ட கை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கோவில் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா நிதானமாகக் கேட்டார்: "தம்பி, இது பறக்கிற விமானமா, நிலம் உழுகிற டிராக்டரா?" பையன்கள் சிரித்த சிரிப்பு லயத்து வீடுகள் வரைக்கும் கேட்டிருக்கும்.

"கையால் வீசி விடுங்கள் அண்ணே" என்றான் அவர்களில் ஒருவன். ஆறு கிலோவை மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிற கை இருந்தால் நான் ஏன் இங்கே நிற்கிறேன், ஒலிம்பிக்கில் குண்டு எறியப் போயிருப்பேனே.

இப்போது 75 மில்லிமீட்டர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 100 மில்லிமீட்டர் போட்டிருக்கிறேன். புரொப்பெல்லரையும் விட்டம் கூட்டி, இலைகளின் முறுக்கம் (பிட்ச்) குறைத்து மாற்றியாயிற்று. ஓட்டத்தின் தொடக்கத்தில் அதுதான் நன்றாக இழுக்கும். சக்கரம் இறக்கைக் குழிக்குள் அடங்கவில்லை. பறந்தாலும் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வாத்து மாதிரிதான் பறக்கும். அசல் போல் இல்லையே என்று முகம் சுளிக்கிறவர்கள், முதலில் ஒரு சக்கரத்தை அந்தத் திடலில் பத்து மீட்டர் உருட்டிக் காட்டட்டும்.

கடைசியாக உடைந்த புரொப்பெல்லரின் ஒரு பாதி இன்னும் கிடைக்கவில்லை. நானும் பையன்களும் அரைமணி நேரம் புல்லை விலக்கி விலக்கித் தேடினோம். புல் வெட்ட வருகிறவர் கண்ணில் பட்டால் எடுத்துவைக்கட்டும். முதலில் அவர் வரட்டும்.