பார்க்கப் போனேன், கேட்கப் போகவில்லை

நேற்று எங்கள் கல்லூரி பேட்ச் குழுவில் நடந்ததைப் பலரும் பார்த்துவிட்டீர்கள். பார்க்காதவர்களுக்கு முதலிலிருந்து விளக்க எனக்குத் தெம்பு இல்லை. சிங்கப்பூர் டெக்கா சென்டரில் நானும், அங்கே குடியிருக்கிற என் ஹாஸ்டல் நண்பர்கள் பட்டுக்கோட்டைக்காரன், காரைக்குடிக்காரன், மன்னார்குடிக்காரன் மூன்று பேரும் உட்கார்ந்திருந்த அந்தப் படத்துக்குக் கீழே, நான்கு வருடம் என்னோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவன் எழுதிய ஒரே ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். "பையன் ஃபைனல் இயர்ல இருக்கான்ல, இப்பதான் புரியுது எதுக்கு சிங்கப்பூர்னு." என் பையனுக்கு வேலை கேட்கத்தான் அங்கே போனேன் என்று அர்த்தம்.

அதற்குப் பதினான்கு சிரிப்புப் பொம்மைகள். எண்ணிப் பார்த்தேன். எழுதியவன் மேல்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அவன் வாய் அப்போதிருந்தே அப்படித்தான். சிரித்த பதினான்கு பேரில் இரண்டு பேர் என் அறையிலேயே இருந்தவர்கள். என் அப்பாவை, என் வீட்டை, என் வீட்டுச் சோற்றை அறிந்தவர்கள்.

நான் பார்க்கப் போனேன். கேட்கப் போகவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருடம் ஆகிறது. இரண்டு பேரும் அதுவரை விமானம் ஏறியதில்லை. மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன் ஐந்து நாள் கடையை அடைப்பது என்றால் என்ன என்று டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். குறுவை நேரத்தில் மோட்டார் எரிந்துபோனால் விவசாயி கடை வாசலை விட்டு நகர மாட்டார், பாவம், அவருக்கும் வேறு வழி கிடையாது. அதனால் அறுவடை முடிந்து வேலை கொஞ்சம் தணிந்த நேரமாகப் பார்த்துக் கிளம்பினோம். திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் சாங்கி. தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போக அதைவிட அதிக நேரம் ஆகிறது.

என் பெட்டியில் எங்கள் துணி பாதிதான். மீதி ஏழு கிலோ சுண்டைக்காய் வத்தல், மணத்தக்காளி வத்தல், மோர் மிளகாய், வெங்காய வடகம். பட்டுக்கோட்டைக்காரன் வீட்டில், "அண்ணே, மணத்தக்காளி மட்டும் கொஞ்சம் கொண்டு வாங்க, இங்க கிடைக்கிறது அந்த ருசி இல்ல" என்று ஃபோனில் சொல்லியிருந்தார்கள். மற்றதெல்லாம் என் மனைவி மாடியில் காயவைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு கவர் போட்டு, நூல் கட்டி, மூன்று வீட்டுக்கும் சமமாகப் பிரித்து வைத்தது. வேலை கேட்கப் போனவன் என்று எழுதுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும். கொடுக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதே என்று சந்தோஷமாகப் போனவன் நான்.

சனிக்கிழமை சாயங்காலம் டெக்கா சென்டரில் சந்திப்பதாகப் பேச்சு. சிராங்கூன் சாலை தொடங்குகிற இடத்தில் இருக்கும் சந்தைதான் அது. கீழே மீன், கறி, காய்கறி, சாப்பாட்டுக் கடைகள், மாடியில் துணிக்கடைகள். தஞ்சாவூரில் கிடைக்கும் முருங்கைக்கீரை அங்கேயும் கட்டாக அடுக்கியிருந்தது. என் மனைவி ஒவ்வொரு விலையையும் ரூபாயாக மாற்றிப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கு நடுவே ஒருவன் வருகிறான். முடி இல்லை, மீசை இல்லை, கண்ணாடி போட்டிருக்கிறான். இடது தோளைத் தாழ்த்திக்கொண்டு நடக்கிற அந்த நடையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். முதல் வருடம் படம் வரைகிற கருவியான ட்ராஃப்டரை அந்தத் தோளில் மாட்டிக்கொண்டு டிராயிங் ஹாலுக்கு நடந்தானே, அதே நடை. "மாப்ள" என்றேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

1997-ல் ஹாஸ்டலைக் காலி செய்த பிறகு நாங்கள் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்தது இதுதான் முதல்முறை. அவனவன் அவ்வப்போது ஊருக்கு வருவான், நாலு நாள் இருப்பான், கோயில், பத்திரப் பதிவு, அம்மாவின் கண் ஆபரேஷன் என்று ஓடிவிட்டுத் திரும்பிவிடுவான். ஒருவன் வரும்போது மற்றவன் வர முடியாது. ஒரே மேசையில் நான்கு பேர் அமைய இத்தனை வருடம் ஆனது.

என்ன பேசினோம் என்றுதானே கேட்கிறீர்கள்? வியாழக்கிழமை ராத்திரி சப்பாத்தி பேசினோம். கரண்ட் போனதும் மொட்டைமாடிக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பேசினோம். வீட்டுக்குப் பேச எஸ்.டி.டி. பூத்தில் கட்டணம் குறையும் நேரம் வரை வரிசையில் நின்றதைப் பேசினோம். காரைக்குடிக்காரன் மகன் அங்கே ராணுவத்தில் இருக்கிறான். நிரந்தரவாசத்தில் வளர்கிற ஆண் பிள்ளைகளும் இரண்டு வருடம் தேசிய சேவை செய்தாக வேண்டும். வார விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வரும் பையனை விட்டுவிட்டு அவன் எங்களோடு உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒருமுறை ஃபோனை எடுத்து, "சட்டையை நனைச்சு வச்சிடுங்க, நான் வந்து அயர்ன் பண்றேன்" என்று வீட்டுக்குச் சொன்னான். பட்டுக்கோட்டைக்காரன் சிப் தொழிற்சாலையில் 12 மணி நேர இரவு ஷிஃப்டை முடித்து, மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு வந்திருந்தான். நீங்கள் நினைக்கிற மாதிரி அங்கே யாருக்கும் பணம் மரத்தில் காய்க்கவில்லை. அவர்கள் இருப்பதும் 99 வருடக் குத்தகை அடுக்குமாடி வீடுதான், அதற்கும் மாதாமாதம் கட்ட வேண்டும். மூன்று பேரில் ஒருவன் இப்போது என்ன கஷ்டத்தில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. அவனிடம் போயா நான் என் பையனுக்கு வேலை கேட்பேன்?

குடிக்கத்தான் கூடினோம் என்று இன்னொருவர். டெக்கா இருக்கிற லிட்டில் இந்தியா பக்கம் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது என்று 2015-லேயே சட்டம் வந்துவிட்டது. நாங்கள் குடித்தது தே தாரிக், அதாவது ஆற்றிக் கொடுக்கிற பால் டீ. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

சரி, கேட்டதைப் பற்றியே பேசுவோம். அவர்களிடம் நான் ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன். 1995-ல் கேட்டேன். அப்பாவுக்கு விளைச்சல் போன வருடம். மெஸ் பாக்கியும் தேர்வுக் கட்டணமும் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய். நோட்டீஸ் போர்டில் பெயர் ஒட்டிவிட்டார்கள். அந்தப் பட்டியலைக் கடந்து மெஸ்ஸுக்குள் போக வேண்டும். நான் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாவது நாள் மன்னார்குடிக்காரனிடம் வாயைத் திறந்து கேட்டேன். மூன்று பேரும் சேர்ந்து கட்டினார்கள். மன்னார்குடிக்காரன் கொடுத்தது தீபாவளிக்கு ஊருக்குப் போக வைத்திருந்த பஸ் காசும், தங்கைக்குத் துணி எடுக்க வைத்திருந்த காசும். அந்தத் தீபாவளிக்கு அவன் ஊருக்குப் போகவில்லை. மெஸ் மூடியிருந்தது, மூன்று நாளும் ரோட்டுக் கடையில் பரோட்டா. வீட்டுக்கு என்ன சொன்னான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆயிரத்து நூறு ரூபாயைத் தை மாதத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தத் தீபாவளியைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. என் வாழ்க்கையில் கேட்க வேண்டியதை நான் அப்போதே கேட்டு முடித்துவிட்டேன்.

இதையும் எழுதலாமா என்று மன்னார்குடிக்காரனிடமே கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். 2020 ஏப்ரலில் அவன் அப்பா இறந்துபோனார். மார்ச் கடைசியிலிருந்தே வெளிநாட்டு விமானங்கள் நின்றிருந்தன. வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர விட்ட வந்தே பாரத் விமானங்கள் தொடங்கியதே மே 7-ல்தான். அங்கே சிங்கப்பூரிலும் ஊரடங்கு. ஒரே மகன். என்னைக் கூப்பிட்டு, "நீ போ மாப்ள" என்று மட்டும் சொன்னான். நான் இ-பாஸ் வாங்கிக்கொண்டு பைக்கில் போனேன். வடுவூர் பக்கம் போலீஸ் நிறுத்தியது. யார் செத்தது, உனக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். பெரியப்பா என்று சொன்னேன். சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த நேரம், இருந்ததே பதினோரு பேர். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. அவன் முகம் அப்படியே உறைந்து நின்றுவிடும், மறுபடி அசையும். அனலில் ஃபோன் சூடாகி ஒருமுறை அணைந்தே போனது. மறுபடி போட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. "போட்டாச்சாடா?" என்று கேட்டான். "ஆச்சுடா" என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஃபோனில் பேசினோம், இதைப் பற்றி மட்டும் பேசியதே இல்லை. டெக்காவில் அவன்தான் கடைசியாக வந்தான். மனைவியிடம் நலம் விசாரித்தான், உட்கார்ந்தான், மேசைக்கு அடியில் என் வலது கையைப் பிடித்துக்கொண்டான். ஃபோன் பிடித்திருந்த கை. கடைக்காரர் பரோட்டாவைக் கொண்டுவந்து வைக்கிறவரை விடவில்லை. நான் சிங்கப்பூருக்குப் போனது இதற்காகத்தான். கார்டன்ஸ் பை தி பே பார்த்தோம், ஜுவல் அருவி பார்த்தோம், வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போனோம், எல்லாம் உண்மை. ஆனால் நான் போனது இதற்காகத்தான்.

இன்னொரு கேள்வியும் வந்திருக்கிறது. "கடல் தாண்டிப் போய்ப் பார்க்கிறவன் பக்கத்தில் திருச்சியில் இருக்கிற எங்களை எட்டிப் பார்த்தானா?" இதில் நியாயம் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு ஒரு மணி நேரப் பயணம். அங்கே நம்ம பேட்ச் ஆட்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். ஸ்பேர் வாங்க மாதம் ஒருமுறை வருகிறேன், வந்த வேலையை முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் வந்தீர்களா? 2023-ல் என் அம்மா இறந்தபோது குழுவில் 41 பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள். நேரில் வந்தது இரண்டு பேர். ஒருவன் கும்பகோணம், இன்னொருவன் அரியலூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தான். திருச்சியிலிருந்து யாரும் வரவில்லை. நான் இதை அப்போது சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அன்றைக்கு ராத்திரி 12 மணிக்கு முதல் ஃபோன் சிங்கப்பூரிலிருந்து வந்தது. அங்கே இரண்டரை மணி. மூன்று பேரும் ஒரே லைனில் இருந்தார்கள். யாரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "தூங்காதடா, நாங்க இருக்கோம்" என்று பட்டுக்கோட்டைக்காரன் சொன்னான். விடியற்காலை வரை லைனை வைக்கவில்லை. காலையில் ஷிஃப்டுக்குப் போக வேண்டியவன் அவன்.

இப்போது சொல்லுங்கள், எது பக்கம், எது தூரம்?

"விளையாட்டுக்குச் சொன்னதை இவ்வளவு பெரிசாக்குகிறாயே" என்று இரண்டு பேர் தனியாக எழுதியிருந்தார்கள். ஹாஸ்டலில் நானும் எத்தனையோ கிண்டல் தாங்கியிருக்கிறேன், செய்தும் இருக்கிறேன். என்னைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நீங்கள் என் பையனை இழுத்தீர்கள். அந்த மூன்று பேரை வேலை வாங்கித் தருகிற ஏஜென்டுகள் ஆக்கினீர்கள். நேற்று ராத்திரி கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் பையன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான். உங்களில் ஒருவருடைய மகன் அவனோடு படிக்கிறான் அல்லவா, அந்தப் பையன் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டான். "அப்பா, அந்த அங்கிள்ஸ்கிட்ட எனக்காக ஏதாவது கேட்டீங்களா?" என்று கேட்டான். இல்லடா என்றேன். "நிஜமாவா?" என்று மறுபடியும் கேட்டான்.

அந்த இரண்டாவது கேள்விதான் எனக்குத் தாங்கவில்லை. என் பேச்சை என் பிள்ளை இரண்டாவது முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டிய நிலைமையை நீங்கள் கொண்டுவந்துவிட்டீர்கள்.

நாளைக்கே மன்னார்குடிக்காரன் தானாகக் கூப்பிட்டு, "பையன் என்ன பண்றான், ரெசியூம் அனுப்பு" என்று சொல்லக்கூடும். சொல்லுவான், அவன் குணம் அது. முன்பு என்றால் சரிடா என்று இயல்பாக வாங்கியிருப்பேன். இனி என்னால் வாங்க முடியுமா? பதினான்கு சிரிப்பும் கண் முன்னால் வந்து நிற்குமே. எங்களுக்குள் கொடுப்பதும் வாங்குவதும் 1995-லிருந்து கணக்கில்லாமல் நடந்தது. நீங்கள் அதில் ஒரு கணக்கை எழுதிவிட்டீர்கள்.

வரும்போது ஆளுக்கு ஆறு சீசா கோடாலித் தைலம் வாங்கிக் கொடுத்தனுப்பினார்கள், நண்பர்களுக்குக் கொடு என்று. பதினெட்டு சீசா. பெயர் எழுதி ஒட்டியதும் அவர்கள்தான். சிரித்த பதினான்கு பேரில் ஒன்பது பேர் பெயர் அதில் இருக்கிறது. சீசா எல்லாம் கடை மேசை டிராயரில் இருக்கிறது. யாருடையதையும் நான் வேறு யாருக்கும் கொடுக்கப் போவதில்லை.

மன்னார்குடிக்காரன் அடுத்த மாதம் அப்பா திதிக்கு வருகிறான். ஒரு நாள் தஞ்சாவூரில் என் வீட்டில் இருப்பான். தேதியைக் குழுவில் போட மாட்டேன். வர நினைப்பவர்கள் எனக்கு ஃபோன் செய்யுங்கள். சாப்பாடு என் வீட்டில்.