பாலைவன ஊருக்குக் குடிபோனால் அலர்ஜி தீருமா?

"வறண்ட ஊர்களில் மகரந்தம் கிடையாது. அங்கே குடியேறினால் தும்மலும் கண் அரிப்பும் அடியோடு நின்றுவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டூசான் நகரத்தையே பாருங்கள். வறண்ட காற்று நல்லது என்று நம்பி மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் பலர் அங்கே போனார்கள். போனவர்கள் சும்மா இருக்கவில்லை. நிழலுக்கு மல்பெரி, அழகுக்கு ஆலிவ், புல்தரைக்கு பெர்முடா புல் என்று நட்டுத் தள்ளினார்கள். (பெர்முடா புல் வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்தான்.) மூன்றுமே காற்றில் மகரந்தத்தை வாரி இறைப்பவை. கடைசியில் 1980களில் அந்த மரங்களை விற்பதற்கே உள்ளூர் நிர்வாகம் கட்டுப்பாடு போட்டது. அவை இல்லாவிட்டாலும் பாலைவனத்துக்கே உரிய செடிகளும், நம் சீமைக்கருவேலத்தின் உறவான மெஸ்கீட் மரமும் இருக்கின்றன.

ஊர் மாறினால் கொஞ்ச காலம் நிம்மதி கிடைக்கலாம், அது உண்மை. ஆனால் அலர்ஜி உடல்வாகு உள்ளவர்களுக்குப் புது ஊரின் மகரந்தமும் சில ஆண்டுகளில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வீட்டுத் தூசி உண்ணிகளால் அவதிப்படுபவர்கள் கதை வேறு. அவை ஈரப்பதம் இல்லாமல் பிழைக்காது, அதனால் வறண்ட ஊர் அவர்களுக்கு உதவலாம். சரி, உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை? வீடு மாற்றும் முன் மருத்துவரிடம் தோல் பரிசோதனை செய்து பாருங்கள்.