அரை பேண்டுக்காக ஒரு வருஷம்

என் அக்கா மகள் போன மாதம் ஐஇஎல்டிஎஸ் எழுதினாள், வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதுகிற ஆங்கிலத் தேர்வு அது. லிசனிங் 8, ரீடிங் 7.5, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 5.5. கூட்டி நாலால் வகுத்தால் 6.875 வரும், அதை 7 என்றே போட்டுக் கொடுப்பார்கள். இந்த மதிப்பெண்ணுக்குப் பேண்ட் என்று பெயர். அவள் விண்ணப்பித்திருந்த இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் கேட்டது மொத்தம் 6.5தான். அக்கா கேசரிக்கு ரவை வறுக்கப் போய்விட்டாள். இவள் மட்டும் போனையே பார்த்துக்கொண்டு நின்றவள், "சித்தி, எதுலயும் ஆறுக்குக் கீழ போகக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவே இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் பத்தொன்பது வருஷமாக ஆங்கிலம் நடத்துகிறேன், தேர்வே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பயிற்றுமொழி ஆங்கிலம் என்று லெட்டர்ஹெட்டில் சீல் வைத்துக் கொடுக்கிறோம், ஆனால் வகுப்பில் பாதிப் பாடம் தமிழில்தான் ஓடுகிறது, பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி நடத்துகிறோம், அதில் தப்பும் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தை மட்டும் நம்பி ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வெளிநாட்டுக் கல்லூரி யோசிப்பது நியாயம்தான். அங்கே போய் விரிவுரை புரியாமல் உட்கார்ந்தால் முதலில் அழப்போவது அந்தப் பிள்ளைதானே.

என் கோபமெல்லாம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகக் கோடு போடுவதன் மேல்தான்.

ரைட்டிங்கில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு மணி நேரம், இரண்டு கேள்வி. முதலாவது ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து 150 சொல்லில் விவரிப்பது, அடுத்தது 250 சொல்லில் ஒரு கட்டுரை, இதற்குத்தான் மதிப்பெண்ணில் இரட்டைப் பங்கு. பயிற்சி எழுதிய தாள்களை வாங்கிப் பார்த்தேன். பத்துச் சொல்லுக்கு ஒரு தரம் பென்சிலால் சின்னக் கோடு கிழித்து எண்ணியிருக்கிறாள். 238இல் நின்றுபோன ஒரு கட்டுரையில், கடைசி வரிக்குக் கீழே எதற்கும் சம்பந்தமில்லாமல் இன்னொரு வாக்கியத்தைச் சேர்த்திருக்கிறாள், எண்ணிக்கையை நிரப்பத்தான். அப்புறம், எல்லாக் கட்டுரையும் ஒரே தொடக்கம், ஒரே முடிவு. பயிற்சி மையத்தில் ஒரு அச்சைக் கொடுத்து, தலைப்பை மட்டும் மாற்றிப் போடச் சொல்லியிருக்கிறார்கள். மனப்பாடமாக எழுதினால் மதிப்பெண் குறையும் என்பது தேர்வின் மதிப்பீட்டு விதியிலேயே இருக்கிறது. அந்த மையத்துக்காரர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? பீஸ் வாங்கிக்கொண்டு பிள்ளைக்குக் குழி வெட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். உணவுத் தொழில்நுட்பத்தில் பட்டம் வாங்கியவள். லிசனிங்கில் எட்டு எடுக்கிறவளுக்குப் பாடம் புரியாதா? அங்கே போய்ப் படித்தால் எழுத்து நாலு மாதத்தில் தேறும், நான் வகுப்பில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பட்டப்படிப்புக்குப் போகிறவர்களிடம் பிரிட்டன் அரசு விசாவுக்குக் கேட்பது பி2 என்கிற நிலை, அது ஒவ்வொரு பிரிவிலும் 5.5 எடுத்தாலே வந்துவிடும். அரசுக்கு இவள் எழுத்து போதும், பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. மேலே போட்ட அந்த அரை பேண்ட் அவர்களாகப் போட்டது. அது இல்லாதவர்களுக்கு, சேர்வதற்கு முன்னால் சில வாரம் அங்கேயே வந்து ஆங்கிலம் படி என்று ஒரு கோர்ஸ் வைத்திருக்கிறார்கள், கட்டணம் ஆயிரக்கணக்கான பவுண்டில். லோடு ஆட்டோ ஓட்டுகிற வீட்டில் இதை எப்படிச் சொல்வது?

மறுபடி எழுதலாம்தான். ஒரு தடவைக்குப் பதினேழு, பதினெட்டாயிரம் ரூபாய், மதுரை போய்வரும் செலவு தனி. ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதும் வசதி வந்திருக்கிறது, கணினியில் எழுதியவர்கள் அறுபது நாளுக்குள் எழுத வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்பதில்லை, இவள் கேட்ட இடத்தில் முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. மறுமதிப்பீடும் கேட்கலாம், மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் திரும்பி வரும், ஆனால் அந்த முடிவு வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டால்? ஒரு வருஷம் போச்சு.

சரி, எழுதி எடுத்தாலும் அந்தத் தாளுக்கு ஆயுள் இரண்டு வருஷம். பணம் சேர்க்க மூன்று வருஷம் வேலைக்குப் போன பையன், தினமும் ஆங்கிலத்தில் மெயில் எழுதிக்கொண்டிருந்தாலும், திரும்பப் பணம் கட்டி உட்கார வேண்டும். ஆனால் ஜமைக்காவிலிருந்தோ கயானாவிலிருந்தோ வருகிறவருக்கு இந்தத் தேர்வே கிடையாது, பிரிட்டன் வைத்திருக்கும் ஆங்கிலம் பேசும் நாடுகள் பட்டியலில் அவை இருக்கின்றன, இந்தியாவும் நைஜீரியாவும் இல்லை. அவர்களுக்குக் கொடுத்த விலக்கைப் பிடுங்கச் சொல்லவில்லை. தேர்வு எழுதி 7 வாங்கிய பிள்ளையையாவது ஆளாகப் பாருங்கள் என்கிறேன். விண்ணப்பத்தோடு அவள் சொந்தமாக எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை இருக்கிறது, பத்து நிமிஷம் வீடியோ காலில் பேசிப் பார்க்கலாம். ஒரு துறைப் பேராசிரியருக்கு அதற்கு மேல் என்ன தேவை?

இந்த வருஷம் விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டுவதற்கு முன்னால் கல்லூரியின் இணையப் பக்கத்தில் உங்கள் படிப்புக்கான விதியை வரி விடாமல் படியுங்கள், மொத்த மதிப்பெண்ணைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள், நாங்கள் அதைத்தான் செய்தோம். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் 70, 75 சதவீதம் இருந்தால் தேர்வே கேட்பதில்லை, உங்கள் போர்டு அதில் உண்டா என்று மெயில் போட்டுக் கேளுங்கள். அமெரிக்காவில் மாணவர் விசாவுக்கென்று தனி மதிப்பெண் கிடையாது, கல்லூரி சொல்வதுதான் கணக்கு. வீட்டிலிருந்தே ஒரு மணி நேரத்தில் முடிகிற, கட்டணமும் பாதிக்குக் கீழே வருகிற டூயோலிங்கோ என்ற ஆங்கிலத் தேர்வை அங்கே நிறையக் கல்லூரிகள் ஏற்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகளுக்குத் தாட்கோ என்கிற தமிழக அரசு நிறுவனம் மூலம் இந்தத் தேர்வுக்கு இலவசப் பயிற்சி கிடைக்கிறது, மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அவள் இப்போது தினமும் ராத்திரி ஒரு கட்டுரை எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்புகிறாள். அந்த அச்சைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டேன். நேற்று அனுப்பியது 262 சொல், கோடு கிழிக்காமல் எழுதியிருந்தாள். இங்கே யாராவது பிரிட்டனில் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்த்தால், இந்த மாதிரி அரை பேண்ட் விஷயத்தில் துறைத்தலைவருக்கு நேரடியாக எழுதினால் விதியைத் தளர்த்துவார்களா என்று மட்டும் சொல்லுங்கள். இன்றைக்கே எழுத வைக்கிறேன்.